விபத்தில்லாத ஐநூறு நாள்

வத்தலக்குண்டு தாண்டி கம்பெனியின் சுற்றுலா பஸ் கொடைக்கானல் மலை ஏறத் தொடங்கியதும் டீ-ஷர்ட் கொடுத்தார்கள். மஞ்சள் நிறம். முதுகில் பெரிய எழுத்தில் ‘விபத்தில்லாத 500 நாட்கள்’ என்று அச்சடித்திருந்தது. மேகலா தன்னுடையதைப் பிரிக்காமலே சீட்டுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு சீட் முன்னால் இருந்த சரிதா தன்னுடையதை வாங்கிச் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். இழுத்துவிட இடது கையை மட்டும்தான் பயன்படுத்தினாள். மேகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருவரும் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். மேகலா உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் அவளுக்கு ஏழு வருஷம். சரிதா சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வேலை பழக்கியவள் என்பதால் மேகலாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் சரிதாவின் பிரஸ்ஸில் சென்சார் தொந்தரவு கொடுத்தது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார், கை போகாதபோதும் நிறுத்திக்கொண்டிருந்தது. உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர் சுரேந்தர், ஃபிட்டர் ராஜ்குமாரிடம் அதன் வயரைக் கழற்றச் சொன்னார். மூன்றாம் நாள் சரிதாவின் வலது கை மாட்டியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. அடுத்த மெஷினில் நின்ற மேகலாதான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. சுரேந்தர் தன் காரிலேயே தூரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் மேகலாவை அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். சரிதாவுக்கு வீட்டு கிரைண்டரில் கை மாட்டியதாக எழுதியிருந்தது. சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது. சரிதாவைப் பெர்மனென்ட் ஆக்கிவிடலாம், விஷயம் வெளியே போனால் லைனையே மூடிவிடுவார்கள் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். மேகலா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கம்பெனி வாசலில் இருந்த போர்டு, விபத்தில்லாத நாட்கள் 311 என்றது. மறுநாள் காலை அது 312 ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பெர்மனென்ட் பட்டியல் இரண்டு முறை வந்துவிட்டது. சரிதா பேர் அதில் இல்லை.

மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழிகாட்டியின் பின்னால் நாற்பது பேரும் அருவிக்கு நடந்தார்கள். பைன் மரங்கள் ஒரே உயரத்தில் நேர்நேராக நின்றன. அடியில் செடி இல்லை, புதர் இல்லை. உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தைபோலப் பழுப்பாகக் கிடந்தன. நடந்தால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. மேகலா அதற்கு முன் இப்படியொரு காட்டைப் பார்த்ததில்லை. இத்தனை அழகையும் அந்தப் பொய்க்குக் கூலியாகத்தானே காட்டுகிறார்கள் என்று நினைத்தபோது காட்டின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. தன் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியது.

அருவிக்குக் கொஞ்சம் முன்னால் செங்குத்தான சரிவு. ஊசி இலையில் கால் வழுக்கும், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இறங்குங்கள் என்றார் வழிகாட்டி. சரிதா பிடித்தாள். பாதியில் கால் சறுக்கியதும் உடம்பின் பாரம் முழுதும் வலது கைக்கு வந்தது. அந்தக் கையில் கயிறு நிற்கவில்லை. அவள் சறுக்கிக்கொண்டே போய் ஒரு மரத்தில் மோதினாள். இடது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

சுரேந்தர் வந்து குனிந்து பார்த்தார். லேசான சுளுக்குதான் என்று அவரே முடிவு செய்தார். யாரும் குரூப்பில் போட்டோ போட வேண்டாம் என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று வழிகாட்டி சொல்லிப் பார்த்தார். அருவி பத்து நிமிஷம்தான், ஹெட் ஆபீஸுக்கு முழு டீம் போட்டோ அனுப்பியாக வேண்டும், எடுத்த கையோடு போய்விடலாம் என்றார் சுரேந்தர்.

மேகலா துப்பட்டாவால் சரிதாவின் மணிக்கட்டைக் கட்டினாள். நாம் ரெண்டு பேரும் இப்படியே திரும்பிவிடலாம், யார் கேட்பது என்றாள்.

"இப்ப வந்து கட்டு போடு," என்றாள் சரிதா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள். "அன்னிக்கு நீயும்தான கையெழுத்துப் போட்ட. கிரைண்டர்ல மாட்டிச்சின்னு. எங்க வூட்ல கிரைண்டரே இல்லக்கா."

சரிதா எழுந்து, மேகலா தாங்க நீட்டிய கையைத் தள்ளிவிட்டு முன்னால் நடந்தாள்.

அருவி பெரிதாகத்தான் விழுந்தது. முன்னால் பாறை மேல் பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வரிசை கட்டினார்கள். சுரேந்தர் ஒவ்வொருவராக நகர்த்தி நிறுத்தினார். சரிதாவிடம் வந்ததும், "நீ பின்னாடி போம்மா. ரெண்டு கையையும் கீழ வெச்சிக்கோ, தெரியக் கூடாது," என்றார்.

சரிதா அப்படியே பின்வரிசைக்குப் போனாள். அவள் மறுபேச்சில்லாமல் போனதைத்தான் மேகலாவால் தாங்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"முந்நூத்திப் பதினோராவது நாள் சரிதா கை பிரஸ்ல மாட்டிச்சி," என்றாள். அருவிச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. தொண்டை கிழிய மறுபடி சொன்னாள். "நான் பக்கத்துல நின்னேன். வீட்ல நடந்துச்சின்னு பொய்க் கையெழுத்துப் போட்டது நான்தான்."

சுரேந்தர் சிரித்த முகத்தோடு அவள் முழங்கையைப் பிடித்தார். எது பேசுவதானாலும் ஓசூரில் போய்ப் பேசிக்கொள்ளலாம், நல்ல நாளும் அதுவுமாகக் கெடுக்க வேண்டாம் என்றார். மேகலா கையை உதறினாள். "தொடாதீங்க சார். அன்னிக்கும் இப்படித்தான் நிதானமா பேசினீங்க."

பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்த ராஜ்குமார் அதைக் கீழே விட்டான். "வயரைக் கழட்டுனது நான்," என்றான். "கழட்டச் சொன்னது அவரு." காற்றில் பேனர் மடங்கித் தண்ணீரில் நனைந்தது. போட்டோ எடுக்காமலே எல்லோரும் திரும்பினார்கள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது மணிக்கட்டில் எலும்பு விரிசல் என்றார்கள். ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் சரிதா மேகலாவிடம் வாய் திறந்தாள். "நாளைக்குப் புகார எழுதிக்கினு வா. உன்னுது தனியா எழுது. என்னுத நான் சொல்றேன்."

திங்கட்கிழமை ராஜ்குமாரையும் சேர்த்து மூன்று பேரும் தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் மேகலாவின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. ராஜ்குமாரை வேறு ஷிப்டில் தனியாகப் போட்டார்கள். சுரேந்தரை அதே கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள்; அங்கே அவருக்குப் பதவி ஒரு படி கூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது மேகலா கையிலிருந்த டீயை அப்படியே கொட்டினாள்.

விசாரணை கிருஷ்ணகிரியில் நடந்தது. சரிதா தன் கையை மேஜைமேல் விரித்து வைத்து, நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அடுத்து மேகலா. முதலில் ஏன் பொய்க் கையெழுத்துப் போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். பயந்துதான் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார்.

"அத்தோட நிறுத்தாதீங்க சார்," என்றாள் மேகலா. "பெர்மனென்ட் பண்றேன்னாரு, நம்பற மாதிரி நடிச்சேன். என் வேலை போவக் கூடாதுன்னு நெனச்சேன். அதையும் எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அன்றைக்கு வெளியே வந்து ஓசூர் பஸ்ஸில் ஏறியபோது சரிதா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேகலா உட்கார்ந்தாள். சூளகிரி தாண்டியதும் சுரேந்தரைப் பற்றிச் சரிதா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மேகலா அதைவிடக் கெட்டதாக ஒன்று சொன்னாள்.