கூபக் அந்துப்பூச்சி தின்னும் மரம்

புழு மூன்றாம் நாளும் இலையைத் தொடவில்லை. டப்பாவின் மூலையில் சுருண்டு கிடந்தது.

"புழுவுக்கு இவ்வளவு திமிரா!" தானுக் டப்பாவை மேசையில் வைத்தார். "எங்க மேட்டு நிலத்து அத்தி. இளசாப் பார்த்து நானே பறிச்சேன். இன்னும் என்னதான் வேணுமாம்?"

மதாங் மாகாணத்துக் காட்டோரப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் முதல் சேகரிப்பாளர் தானுக்கின் அப்பா கூபக். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் புழுவாகப் பிடித்துவந்து வளர்த்த அந்துப்பூச்சிக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். ஊரில் வேறெந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பெருமை கிடையாது.

நிலையத்து ஆராய்ச்சிப் பெண் லெகி நான்காம் முறையாகச் சொன்னாள்: "பெரியப்பா, ஒரே பூச்சினு நெனச்சது மூணு இனமாம். ஒவ்வொண்ணும் ஒரு அத்தியைப் புடிச்சுக்கிட்டு, அங்கேயே ஜோடி சேர்ந்து, அங்கேயே முட்டை போட்டு, தலைமுறை தலைமுறையாத் தனியாப் பிரிஞ்சிருச்சு. கூபக் தாத்தா வளர்த்த பழைய பூச்சியோட ஒரு காலை எடுத்து மரபணு சோதிச்சோம். இந்தப் புழுவும் அதே இனம்தான். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வந்த தாய்ப்பூச்சி போட்ட முட்டை, அதான் எந்த மரம்னு தெரியல. பழைய பூச்சியோட தாத்தா எழுதி வச்ச சீட்டுல 'வழவழ அத்தி, எங்க நிலம்'னு இருக்கு. இது அதைத் தொடவே மாட்டேங்குது. செத்துட்டா 'மரம் சந்தேகம்'னுதான் எழுதணும்."

"எங்கப்பா பேருக்குப் பக்கத்துல சந்தேகமா?"

வாசலில் பாக்கு மென்றுகொண்டிருந்த மெய்டாட் சிரித்தான். தானுக்கின் தங்கை கணவன்.

"ஆத்தங்கரைச் சொரசொர அத்தியைக் குடுத்துப் பாரு மச்சான். அடடா, அது எங்க நிலத்துல மட்டும்தான் இருக்கு! உங்கப்பா அங்கெல்லாம் வந்திருக்க மாட்டாரே!"

தானுக்குக்குக் காது சுட்டது. அந்த ஊரில் அடுத்த குலத்து மரத்தில் கேட்காமல் ஓர் இலை கிள்ளினாலும் திருட்டுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் புழுவோடு அப்பா வீட்டுக்கு வந்த மாலை அவர் கண்ணில் நின்றது. மேட்டு நிலத்துக்குப் போனதாகச் சொன்னவரின் கால்களில் முழங்கால்வரை ஆற்றுச் சேறு.

புழு அசையவில்லை.

தானுக் எழுந்து மெய்டாடின் முன் விறைப்பாக நின்றார். "எங்கப்பா உங்க மரத்துல கேக்காமப் பறிச்சிருக்கார். நான் கேட்டுப் பறிக்கறேன். இலை குடு."

மெய்டாடின் சிரிப்பு நின்றது. "கேக்காமப் பறிச்சதுக்கு அபராதம் ஒரு பன்னி."

"ரெண்டு தர்றேன். முதல்ல எந்திரி."

சொரசொர இலையை வைத்ததும் புழு தலையை நிமிர்த்தி, விளிம்பைப் பற்றிக் கறுக் கறுக்கென்று அரிக்கத் தொடங்கியது.

"தின்னு, நல்லாத் தின்னு. மூணு நாளா எங்க மானத்தைத் தின்னது போதாதா?"

லெகி பேனாவை எடுத்தாள். "புதுச் சீட்டுல என்ன எழுதட்டும் பெரியப்பா?"

"சொரசொர அத்தி. மெய்டாட் குலத்து நிலம்." அவர் விரலால் சீட்டைத் தட்டிக் காட்டினார். "கேட்டு வாங்கினதுன்னும் எழுது."