மூங்கிலில் இருந்த கை

கல்யாண மண்டபத்தில் என் பையைத் திறந்தால் போதும், "இதுல எதுங்க நல்ல லென்ஸ்?" என்று எவராவது வந்து நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும். கூட்டத்தை மொத்தமாக அடைக்க அகல லென்ஸ். மணப்பெண் முகத்துக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ். கிட்டப் போக முடியாத இடத்துக்கு நீள லென்ஸ். எது நல்லது என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைச் சொன்னால், பெரிசுதானே நல்லது என்று நீள லென்ஸைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பானுமதி நான். தை மாதம் ஒரு வியாபாரி மிளகுப் பாக்கெட்டில் போடப் படம் கேட்டார். கொல்லிமலை ஏறி, தேவனூர் நாடு என்ற ஊரில் ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று, எதிர்ச் சரிவில் மிளகு பறிப்பவர்களை நீள லென்ஸில் எடுத்தேன். வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

நான் கிளம்பிய சற்று நேரத்தில் மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் வழுக்கி, அதன்மேல் நின்று மிளகு பறித்த செல்லமுத்து விழுந்து செத்திருக்கிறான். ஆர்த்தி என்ற அவன் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கழுத்தில் தாலி இல்லை. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

அங்கே மிளகு பறிக்க ஏறுவது ஒற்றை மூங்கிலில். அடியில் ஒருவர் பிடித்தே நிற்க வேண்டும். அவர் விலகுவதென்றால் அடுத்தவர் கையை மூங்கிலில் வைத்த பிறகுதான் தன் கையை எடுக்க வேண்டும்.

"புள்ள அழுதுச்சுங்க. மச்சாண்டாரைப் புடிக்கச் சொல்லிட்டு எறங்கிட்டேன். அவரு புடிக்கவே இல்லீங்கறாரு. கையை உட்டுட்டுப் போயி புருசனைக் கொன்னவகிட்ட புள்ளய உடமாட்டோம்னு பங்காளிக பேசறாங்க. நீங்க எடுத்த படத்துல இருக்குமுங்களா?"

இருந்தது, கடைசியாக எடுத்த படத்தில். செல்லமுத்துவின் அண்ணன் மாதன், கை மூங்கில்மேல். ஆர்த்தி திரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவள் போன பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். மூங்கிலின் கணு துல்லியமாக இருந்தது. மாதனின் விரல்கள் மங்கலாக இருந்தன. அவன் மூங்கிலுக்கு வெகு முன்னால், சரிவில் கீழே நின்றிருக்கிறான். தோளில் சாக்கை ஏற்றக் கை தூக்கியிருக்கிறான். எட்ட நின்று நீள லென்ஸில் இழுத்தால் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒட்டிப்போகும். யாரும் கேட்காவிட்டால் நானாகச் சொல்லப்போவதில்லை என்றுதான், குழந்தை யாரிடம் என்று முடிவுசெய்யக் கூடிய ஊர்க் கூட்டத்துக்கு மலை ஏறினேன்.

படம் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. "கை இருக்குதே" என்றார்கள். ஆர்த்தி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மாதன் என் முன்னால் வந்து நின்றான். அவன் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

"தம்பியைக் கொன்னவன்னு எம்பேரு ஆயிடும்ங்க. நான் மூங்கில்கிட்ட இல்லவே இல்லீங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். கேட்டும்விட்டான். இரண்டு ஆட்களை முன்னும் பின்னுமாக நிறுத்தி, எட்டப் போய் நீள லென்ஸில் எடுத்து, ஊர்ப் பெரியவர் மாணிக்கத்திடம் காட்டினேன். படத்தில் இருவரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கிட்டே வந்து அகல லென்ஸில் எடுத்தேன். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம்.

மாணிக்கம் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப மாதன் புடிக்கலை. புள்ள மாதன் ஊட்டுலயே வளரட்டும். நீ உங்க அப்பன் ஊட்டுக்குப் போ சாமி" என்றார்.

ஆர்த்தி அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"புள்ளயோட தொட்டில் ஓடையோரமுங்க, நீங்க நின்ன பக்கம். பாதி வழி எறங்கித் திரும்பிப் பார்த்தேன். படத்துல இருக்கற மாதிரியேதானுங்க எனக்கும் தெரிஞ்சுது. கை மூங்கில்ல இருந்துச்சு. அப்பறந்தான் திரும்பிப் பாக்காம போனேன்."

"ஐயா, அவ பொய் சொல்லலீங்க! அவ நின்ன எடத்துல இருந்து யாரு பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்!" என்று கத்தினேன்.

"பொய் சொன்னான்னு யாருங்க சொன்னாங்க?" என்றார் மாணிக்கம், மெதுவாக. "அவன் கை மூங்கில்ல படறதுக்கு முன்னால இவ கையை எடுத்துட்டா. அதைத்தானுங்க கேட்டோம்."

மாதனின் மனைவி பாப்பாயி வந்து கைநீட்டினாள். குழந்தை ஆர்த்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆர்த்தியே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பாப்பாயி நன்றாகப் பிடித்துக்கொண்டாளா என்று குனிந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தன் கையை எடுத்தாள்.