நூற்றியோராவது தாள்

“எமன் வந்தா என் எண்ணை நீட்டி, ‘முதல்ல இதைப் படிச்சு முடி, அப்புறம் கிளம்பலாம்’னு சொல்லுவேன். மூணு லட்சம் இலக்கம்! பாதியிலேயே கயித்தைப் போட்டுட்டு ஓடிடுவான்” என்று கண்டவரிடமெல்லாம் சவால் விட்ட மனிதர், இன்று காலை ஏழரைக்கு எமனோடு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்.

முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் படுக்கையறைக்குள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் நூற்றியோராவது தாள்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு கணினியை வாங்கி, அணைக்காமல் ஓடவிட்டுப் பகா எண் தேடினார். அந்தச் சூட்டில் பூனை நாலு தலைமுறை குட்டி போட்டது. போன மாதம் ஒன்று சிக்கியது. அதுவரை யார் கண்ணிலும் படாத எண்.

“ஒண்ணால போகும், தன்னால போகும். வேற எந்தக் கொம்பன் வந்தாலும் பங்கு பிரியாது” என்று குதித்தார்.

கல்லூரியில் கணிதம் நடத்தும் தன் தம்பியைக் கூப்பிட்டவள் அவள்தான். “நீ ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லிடுடா. உன் வாயால கேட்டா மனுஷன் பறப்பாரு.”

தம்பி கணினியைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டாம் நாள் போன் வந்தது. “ஏழால வகுபடுது, மாமா. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

“ஏழா? அந்தப் பொடிப்பயலையா உள்ள விட்டிருப்பேன்?” என்றார். பிறகு குதிக்கவில்லை. படுத்தார். கணினியும் திரும்பி வரவில்லை.

ஆனால் எண்ணை அச்சடித்த நூற்றியொரு தாள்கள் வீட்டில் இருந்தன. முதல் இலக்கத்திலிருந்து ஏழால் வகுக்கத் தொடங்கினார், கையால். பென்சில் பிடிக்க முடியாமல் போனதும் அவர் சொல்ல, அவள் ஒவ்வொரு வரி ஓரத்திலும் மீதியைக் குறித்தாள். தம்பி பொய் சொல்வானா என்று ஒருநாள்கூட அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இன்று காலை, பதினெட்டு வரி பாக்கியிருக்கையில், “மீதி அஞ்சு” என்றார். அடுத்த இலக்கத்துக்காக அவள் காத்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி வந்தான். “அக்கா, வெளிய எல்லாரும் உன்னைக் கேக்கறாங்க. என்ன பண்ற?”

“ஏழாம் வாய்ப்பாடு.”

“இப்பவா?”

அவள் நிமிரவில்லை. கடைசி வரி. கடைசி இலக்கம். “அஞ்சோட ஒன்பது, அம்பத்தொம்பது. எட்டேழு அம்பத்தாறு. மீதி மூணு.”

முன்னறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“ஏழால வகுபட்டா மீதி வராதில்லடா?”

“நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது தப்பு பண்ணியிருப்பீங்க, அக்கா.”

“எந்தத் தாள்லன்னு காட்டு.”

தாள்களை நீட்டினாள். அவன் கை நீளவில்லை.

“இந்த எண்ணை யார் கண்டுபிடிச்சதா பேர் போட்டு அனுப்பின?”

அவள் தாளை மறுபடி மடியில் வைத்து, கடைசி மூன்றின் மேலேயே பென்சிலை ஓட்டினாள். திரும்பத் திரும்ப. தாள் கிழிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

“பகா எண்தான், அக்கா” என்றான் தம்பி. “மாமா கண்டுபிடிச்சதுதான்.”