ஜன்னலின் பல்வரிசை

அவள் வேலை செய்யும் இடத்தில் முகங்களே கிடையாது. பற்கள் மட்டும்தான். இளஞ்சிவப்பு ஈறுகளோடு ஒரு வாய் திரையில் மிதந்து வரும். அதற்கு மூக்கில்லை, கண்ணில்லை, பேச்சில்லை. எங்கோ ஒரு பல் மருத்துவமனையில், பேனா மாதிரி ஒரு கேமராவை யாருடைய வாய்க்குள்ளோ விட்டுச் சுற்றிப் படமெடுத்திருப்பார்கள். சற்று நேரத்தில் அந்த வாய் இவள் மேசைக்கு வந்துவிடும். திருப்பிப் பார்ப்பாள், கவிழ்த்துப் பார்ப்பாள், கோணிக்கொண்டு நிற்கும் பல்லிடம் "நீ ஏன்டா இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கறே?" என்று கேட்பாள். திரைச்சீலை இழுத்துவிட்ட குளிர்ந்த அறையில் பகல் பூராவும் வாய்களோடு பேசிக்கொண்டிருப்பவளுக்குக் கொஞ்சம் கனவுக் கிறுக்கு பிடிக்காமல் இருக்குமா? பிடித்துத்தான் இருந்தது.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. கடைசியில் வர வேண்டியதைத்தான் முதலில் செய்வார்கள். முன்பெல்லாம் கம்பி கட்டி, முறுக்கி, பார்த்துப் பார்த்து இழுத்தார்கள். இப்போது முடிவில் பல்வரிசை எப்படி இருக்கும் என்று கணினியே யோசித்துப் போட்டுக் காட்டிவிடும். அதை இவள் திருத்துவாள். டாக்டர் சரி சொன்னதும், அந்த முடிவிலிருந்து இன்றைய கோணல் வரைக்கும் உள்ள தூரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அலைனர், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் உறை, பக்கத்து அறை இயந்திரத்தில் அச்சாகி வரும். ஒன்றைக் கழற்றி அடுத்ததை மாட்ட மாட்டப் பல் எறும்பு வேகத்தில் நகரும்.

திரையின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு குமிழ். வலப்பக்கம் இழுத்தால் பற்கள் வரிசைக்கு வரும். இடப்பக்கம் இழுத்தால் பழையபடி கோணிக்கொள்ளும். அந்தக் குமிழைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருவதுதான் அவள் பிழைப்பு. காரியம் கெட்டதும் அதனால்தான்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ஜன்னல். அப்பா வைத்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே காற்று வந்து போகிற அளவுக்கு ஒரு சந்து. சிறுமியாக அவள் வாயெல்லாம் பல்லாக ஓடிவரும்போது, "என் ஜன்னல் திறந்துடுச்சுடோய்!" என்று தூக்கிச் சுற்றுவார். அவருக்கு அது செல்லம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது கேலி. சிரிப்பு வந்தால் கை தானாக வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது, பிறகு போகவேயில்லை. ஊரார் பல்லையெல்லாம் நேராக்குகிறவள் தன் பல்லைப் பொத்திக்கொண்டு திரிவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஒரு நாள் துணிந்து தன் வாயையே திரையில் ஏற்றி, பழக்கமான பல் டாக்டரம்மாவிடம் ஒப்புதல் வாங்கி, தன் சந்தை மூடும் வேலையைத் தானே தொடங்கினாள்.

அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்த நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் "எங்க இறங்கணும்?" என்று கேட்பார். பால்காரரைக் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்பார். கூடவே இருந்து சோறு போடும் சொந்த அக்காவைக் கூடக் கேட்பார். அத்தையும் சளைக்காமல், "நான் இறங்க மாட்டேன்டா தம்பி, கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு" என்பாள். ஆனால் மகள் வந்து சிரித்தால் மட்டும் முகம் மலரும். "ஜன்னல் வந்துடுச்சு!" அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சாயங்காலம் அரக்கப்பரக்க வீட்டுக்கு ஓடிவருவாள்.

சந்து முக்கால்வாசி மூடியிருந்த ஒரு சாயங்காலம், அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கம்மா இறங்கணும்?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான்தான்." சிரித்துக் காட்டினாள். அவர் மரியாதையாகப் பதிலுக்குச் சிரித்துவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருப்பாளா? "சந்தை மூடினே, பாவம், அவனுக்கு இருந்த ஒரு அடையாளமும் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அது முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. நான் அழகாகச் சிரிக்க ஆசைப்பட்டதற்கு அப்பாவை விலையாகக் கொடுத்துவிட்டேனே என்று குமைந்தாள்.

மறுநாள் திரையில் தன் வாயை எடுத்துவைத்துக் குமிழை இடப்பக்கம் இழுத்தாள். மூடிய பற்கள் மெல்ல விலகின. சந்து பூ விரிவதுபோல் திறந்தது. இழுத்தால் வருகிறதே! கழற்றிய அலைனர்கள் எல்லாம் வீட்டில் டப்பாவில் பத்திரமாகத்தானே இருக்கின்றன? உலகத்தில் வேறு யாருக்கும் வராத யோசனை, குமிழ் பிடித்த கைக்கு வந்துவிட்டது. முந்தைய உறையை எடுத்து மாட்டினாள். அது சரியாகப் பொருந்தியதும், அதற்கு முந்தையது.

அந்த நாட்கள் அவளுக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல் கழிந்தன. பல் வலித்தது, அந்த வலிகூட இதமாக இருந்தது. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் வெளியே மரங்கள் பின்பக்கமாக நடந்தன, கடைகள் பின்பக்கமாகப் போயின. எல்லாவற்றுக்கும் முன்னால் காக்கிச் சட்டையில் அப்பா, மடியில் அவள், ஸ்டியரிங்கில் அவள் கைமேல் அவர் கை. விழித்தால் நாக்கு நுனி சந்தைத் தேடும். இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும்.

வாரம் ஒரு முறை போனில் பல்லைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். போட்ட திட்டப்படி பல் நகர்கிறதா என்று போனில் இருக்கும் செயலியே சோதித்து டாக்டருக்குச் சொல்லும். அது சொல்லிவிட்டது. டாக்டரம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா பண்றே? வண்டியை ரிவர்ஸ்ல ஓட்டறியா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் டாக்டர்."

"பல்லு ஓடித்தான் போகும், அதுல ஒண்ணும் ஆச்சரியமில்ல. அதுக்கு ஞாபகசக்தி அதிகம். விட்டா பழைய இடத்துக்கே போய் உக்காந்துக்கும். நீயே எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பே!"

சொல்லியிருக்கிறாள்தான். பல்லுக்கு இருக்கிற ஞாபகத்தில் கால்வாசி அந்த மனுஷனுக்கு இருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது. போனை வைத்துவிட்டு அழுதாள்.

முதல் அலைனரும் கழன்றது. கண்ணாடியில் பழைய ஜன்னல். அன்று பாதி நாள் விடுப்பு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் அப்பாவின் முழங்கால்மேல் படுத்துக்கிடந்தது. முன்னால் மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை போல வாய் நிறையச் சிரித்தாள்.

அப்பா குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ அசைந்தது.

"ஏம்மா, பல்லு நடுவுல இவ்ளோ சந்து இருக்கே" என்றார் அக்கறையாக. "கவலைப்படாதே. இப்ப கம்பியெல்லாம் கட்ட வேண்டாம். என் பொண்ணு கம்ப்யூட்டர்லயே பல்லு நகர்த்தறா. நான் சொன்னேன்னு சொல்லு, முத்து மாதிரி பண்ணிக் குடுப்பா."

அவள் அவர் கையை விடாமலே கேட்டாள். "உங்க பொண்ணு பேரென்ன?"

"ஜன்னல்." குரலில் பெருமை பொங்கியது. "அவளுக்கும் உன்னை மாதிரியே இருந்துச்சு. எனக்கு அது கொள்ளை அழகு. அவளுக்குத்தான் பிடிக்கல, எப்பப் பாரு வாயைப் பொத்திக்குவா. பார்க்கப் பார்க்க மனசு கஷ்டமா இருக்கும். இப்ப அவளே அதைச் சரி பண்ணிக்கிட்டு வர்றா. கையை எடுத்துட்டுச் சிரிக்கிறா, தெரியுமா? அந்தச் சிரிப்பைப் பார்க்கணுமே நீ!"

ஆக, பார்த்திருக்கிறார். சந்து சிறுத்துக்கொண்டே வந்ததை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், சந்தோஷப்பட்டிருக்கிறார். மறதி வந்த வழி வேறு. அதற்கும் பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனதெல்லாம் வீண். அவளுக்கு அழுகை முட்டியது, அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்து தொலைத்தது. கை பழக்கதோஷத்தில் வாய்க்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா எதையோ நினைத்துக்கொண்டவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேச்சு மும்முரத்துல கேக்க மறந்துட்டேன். எங்கம்மா இறங்கணும்?"

"உங்க பொண்ணு வேலை செய்யற இடத்துலங்க."

"அப்ப உக்காரு, உக்காரு. வண்டி அங்கதான் போகுது. அவளைக் கூட்டிட்டு வரணும்."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு, தெருப்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.