பன்னிரண்டு காற்றுத் துளைகள்

...காற்றுக்குத்தானே வெட்டினேன், வேறு எதற்கு, துளை இல்லாவிட்டால் நெருப்பு மூச்சு முட்டிச் செத்துப்போகும், ஓட்டக்காரன் திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் சேர்வதற்குள் அணைந்துவிடும், சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகும் நாளில் விளையாட்டு விழாவின் தீப்பந்தம் அணைந்தால் ஊர் சும்மா இருக்குமா... வளைந்த உளியை வைத்து ஒரு தட்டு, கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தட்டு, வெட்டிய நகம் போல ஒரு துண்டுத் தகரம் கீழே விழும், இருபது வருஷமாய் நான் செய்த எல்லா விளக்கிலும் இதே துளைதான், ஆடிக் கிருத்திகைக்குப் படியோரம் கடை போடுகிறவர்கள் வாங்கும் விளக்கிலும் இதேதான், ஒருவராவது கேட்டிருப்பார்களா? மற்றதற்கெல்லாம் விழாக் கமிட்டி அர்த்தம் சொல்லிவிட்டது, கைப்பிடியில் மூன்று வளையம் கொடியின் மூன்று நிறத்துக்கு, ஐந்து இதழ் ஐந்து அணிகளுக்கு, தாமரை மொட்டு புது தேசத்துக்கு. துளைக்கு மட்டும் யாரும் அர்த்தம் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நேற்று சாயங்காலம் ஏற்றிப் பார்த்தபோது என் மனைவி ஹுசைனாதான் கண்டுபிடித்தாள், "சுவத்தப் பாருங்க, போன வாரத்துப் பெருநாள் பிறை திரும்பி வந்துகினு இருக்கு" என்று சிரித்தாள், அவளுக்குச் சந்தோஷம், நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன். சுவர் முழுக்கப் பன்னிரண்டு பிறை. ஐதராபாத் இந்தியாவோடு சேராமல் முரண்டு பிடிக்கிற சமாச்சாரம் தினமும் பேப்பரில் வருகிறது, டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் படிக்கிறவர் குரலைத் தாழ்த்துகிறார், இந்த நேரத்தில் தகரக்கார ஃபக்ருதீன் தன் பிறைக் கொடியை ஊரார் கையில் கொடுத்து ஓடவிட்டான் என்று ஒருவன் சொன்னால் போதாதா? கமிட்டியில் எனக்காகப் பேசி இந்த வேலையை வாங்கித் தந்தவர் டிரில் மாஸ்டர் கோதண்டபாணி, அவர் தலையும் சேர்ந்தல்லவா உருளும்... புதன்கிழமை வந்து துளைகளை விரலால் தடவினாரே, ஒன்றும் சொல்லவில்லையே, கவனிக்கவில்லையோ? காலையிலிருந்து உருண்டை அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறேன், பதினொன்று வட்டமாகிவிட்டது, இன்னும் ஒன்றுதான், ஏன் கை இவ்வளவு மெதுவாகப் போகிறது, அவர் வருகிற நேரமாயிற்றே...

"ஆச்சா பாய்?" சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாஸ்டர் உள்ளே வந்தபோது கடைசித் துளையை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆங், ஆச்சுங்க என்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல் துளையில் போய் நின்றது. "முன்ன வேற மாதிரி இருந்துச்சே." காத்து பத்தலீங்க, பெருசு பண்ணிட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லதாப் போச்சு பாய்," நீளமாக ஒரு மூச்சு விட்டார், "நானே எப்பிடிச் சொல்றதுன்னு..." முடிக்காமல் பந்தத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தப்பித்தோம், இரண்டு பேருமே தப்பித்தோம், இனி நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம், ஆனால் அரத்தை ஏன் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறேன்... புதன்கிழமையே பார்த்திருக்கிறார், மூன்று நாள் அவரும் என்னைப் போலவே தவித்திருக்கிறார், பாவம், என்னைக் காப்பாற்றத்தான் தவித்திருப்பார், வேறு எதற்கு? வேறு எதற்கு... எதுக்குப் பாய் மாத்தின, நல்லாத்தானே இருந்துச்சு என்று அவர் திட்டுவார், ராவி முடிப்பதற்குள் வந்து திட்டிவிடுவார் என்றா நான் காலையிலிருந்து அவ்வளவு மெதுவாக ராவினேன்?