ஈரச் சாக்கு

ஜெயசெல்வி பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். மூன்றாவது முறையாக அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“உதட்டையாவது நனைச்சுக்கோங்கப்பா. நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு.”

ஜெபதாஸ் மாட்டேன் என்று தலையசைத்தார். இன்றைக்குத் தாண்டாது என்று, கடைசி நாட்களில் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வரும் ஹாஸ்பிஸ் நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆலன் நகரத்தில் அன்று நூற்றுநாலு டிகிரி வெயில். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு டிரைவ்வேயில் நாலு பேர் கான்கிரீட் கொட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அவர் கண் அங்கேயே நின்றது.

“மாமாவுக்கு ரிட்டயர்மென்ட் லெட்டரை யாரும் காட்டலை போல. இன்னும் சைட்லதான் நிக்கிறாங்க,” என்றான் அவள் கணவன் டென்னிஸ்.

அப்பாவின் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

“உச்சி வெயிலு... அவனுவ தண்ணி குடிச்சானுவளா?”

அவளுக்கு விளங்கிவிட்டது. ஈராக்கில், பாலைவனத்து அணை ஒன்றில் பதினொரு வருஷம் என்ஜினியராக இருந்தவர். அணையின் உயரத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒன்றை மட்டும் குடும்ப ஜெபத்தில்தான் சொல்வார். ஒருநாள் இரண்டு தண்ணீர் லாரி வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. புதுக் கான்கிரீட் காய்ந்து வெடித்துவிடக் கூடாதென்று, அத்தனை தண்ணீரையும் அதன்மேல் போர்த்திய சாக்குகளில் ஊற்றச் சொன்னார். ஊற்றியவர்கள் சாயங்காலம்வரை தொண்டை வறண்டு நின்றார்கள். மேஸ்திரி நாகரத்தினம் ஒரு சாக்கு முனையைப் பிழிந்து வாயில் விட்டுக்கொண்டதை அவரே பார்த்தார். யாரும் சாகவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. “நாகரத்தினம் என்னை மன்னிக்கணும், ஆண்டவரே” என்றுதான் நாற்பது வருஷமாக ஜெபத்தை முடித்தார்.

“என்னங்க, கராஜ்ல வாட்டர் பாட்டில் கேஸ் இருக்குல்ல? எடுங்க.”

“அவங்களே கூலர்ல ஐஸ் வாட்டர் வச்சிருப்பாங்க செல்வி.”

“இருக்கட்டும். நாம குடுக்கணும்.”

அவள் கொண்டுபோய்க் கொடுத்ததை நாலு பேரும் நின்றபடியே குடித்தார்கள். அவள் ஜன்னலைக் காட்டி, “மை ஃபாதர்,” என்றாள். அவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றி, பாட்டிலை ஜன்னல் பக்கமாக உயர்த்திக் காட்டினார்.

உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். “குடிச்சாச்சுப்பா. நாலு பேரும்.”

“நீ பாத்தியாட்டி?”

“என் கண்ணால பாத்தேன்.”

அவர் வாயைத் திறந்தார். குழந்தைபோலப் பஞ்சை உறிஞ்சினார்.

மூன்று மணி சுமாருக்கு மூச்சு நின்றபோது உதட்டில் இன்னும் ஈரமிருந்தது.

உடலை எடுத்துப்போக ஃப்யூனரல் ஹோம் வண்டி வந்தபோது அந்த நாலு பேரும் கான்கிரீட்டின்மேல் ஈரச் சாக்கு விரித்து முடித்திருந்தார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களும் கிளம்பினார்கள்.

“செல்வி, பாஸ்டர் லைன்ல இருக்காரு. அடக்க சர்வீஸ் என்னிக்குன்னு கேக்காரு.”

“ரெண்டு நிமிஷம்.”

காற்றில் ஒரு சாக்கின் முனை மடங்கி, வெளுத்துக் காய்ந்திருந்தது. அவள் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்தாள். முனையைப் பிரித்துப் போட்டு, அது கறுத்து நனையும்வரை தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள்.