அவை பேசியதைக் கொட்டினேன்

...கிண்ணத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாயிற்று, விளக்கும் போட்டாயிற்று, குனிந்தால் தெரிந்துவிடும், குனியத்தான் முடியவில்லை, திங்கட்கிழமை, மணி ஒன்பது, இந்த வடகோடி உமேயோவில் இப்போதுதான் ஜன்னல் வெளுக்கிறது, இது உறையவைத்திருந்த கடைசிக் குழாயிலிருந்து எடுத்தது, இதுவும் செத்தால் தூவா இரண்டாம் முறை போய்விடுவாள், முதல் முறை போனபோது அவளுக்கு ஆறு வயது, அவள் தோலிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் மூன்று வருஷமாக உறைபெட்டியில் இருந்தன, அவற்றை ஆராய்ச்சிக்காக வளர்க்க என்னிடம் கொடுத்தார்கள்... எவ்வளவு கவனமாக இருந்தேன், உருக்கியதில் பிழைத்தவை கொஞ்சம், மூலைக்கொன்றாகக் கிடந்தன, அழுக்கு சேரக்கூடாதென்று தினமும் பழைய வளர்ப்புத் திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றினேன், ஊற்ற ஊற்ற இன்னும் சுருங்கின, என் சுத்தம்தான் ஊரறிந்ததாயிற்றே.

வெள்ளிக்கிழமை சிக்ஸ்டன் எட்டிப் பார்த்தான், இருபது வருஷமாகப் பக்கத்து மேசையில் இருப்பவன், வாயை மூடத் தெரியாதவன். "தினமும் மாத்துறியா, சூல்வேய்?" ஆமாம் என்றேன். "அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேசினதையெல்லாம் கொட்டிட்டு, ஏன் வளரலைன்னு உக்காந்திருக்கியா? நல்ல ஆளும்மா நீ." கோபம் வந்தது, எனக்குத் தெரியாததா, எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒவ்வொரு செல்லும் உள்ளே செய்ததைப் பிரித்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, விளிம்புவரை கொண்டுபோய் வெளியே விடுகிறது, பக்கத்திலிருப்பது வாங்கிக்கொண்டு தன்னுடையதை அனுப்புகிறது, எந்தச் செய்தியும் வராத செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது, எல்லாம் தெரியும், கைதான் கேட்கவில்லை... அவன் ஒன்றும் பேசாமல், இல்லை, பேசிக்கொண்டேதான், தன் கிண்ணத்தில் நெருக்கியடித்து வளர்ந்த செல்களின் மூன்று நாள் பழைய திரவத்தை வடிகட்டி இதில் பாதிக்குப் பாதி ஊற்றினான். "இனி திங்கள்வரைக்கும் தொடாத. கை அரிச்சா வீட்டுல போய்ப் பாத்திரம் தேய்." தேய்த்தேன், இரண்டு நாளும் தேய்த்தேன்.

குனிந்துவிட்டேன்... இருக்கின்றன, சுருங்கியவை நீண்டிருக்கின்றன, ஒன்று கையை நீட்டி அடுத்ததைத் தொட்டிருக்கிறது, அதோ ஓரத்தில் ஒன்று இரண்டாகப் பிரிகிறது, நன்றி, நன்றி, யாருக்குச் சொல்கிறேன், சிக்ஸ்டனுக்கு, மூடாத அவன் வாய்க்கு, அவன் கிண்ணத்துச் செல்களை என்றோ கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவருக்கு, தூவாவின் அம்மா அன்னெலிக்கு, துக்கத்தின் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டாளே, அந்தக் கைக்கு. டிசம்பர் வந்தால் அவளிடமிருந்து கடிதம் வரும், என் பிள்ளை அங்கே இன்னும் வளர்கிறாளா என்று கடைசியில் கேட்டிருப்பாள், மாதிரி பத்திரமாக உள்ளது என்று ஒரு வரி அச்சடித்து அனுப்புவேன், விதிப்படி, சுத்தமாக, இன்றைக்கு என் கையாலேயே எழுதலாம், வளர்கிறாள் அன்னெலி என்று எழுதலாம்... ஆனால் அந்தக் கேள்விக்கு மேலே ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் நிறைய எழுதியிருப்பாளே, என்ன எழுதியிருந்தாள், தூவாவைப் பற்றித்தான் இருக்கும், அவளுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பாள், மூன்று கடிதமும் கோப்பில் இருக்கின்றன, நான்தான் வைத்தேன், அந்தப் பக்கங்களை நான் படித்தேனா?